ஊட்ல கேட்டுச் சொல்றேனுங்க

என் மகள் பி.காம். கடைசி வருடம் படித்தபோது, எங்கள் வீட்டில் நான் ஒரு கம்பெனியாக இருந்தேன்.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவியதும் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்பாள். எதிரே முக்காலியில் அவள். இன்டர்வியூவில் கேட்கிற இங்கிலீஷ் கேள்விகளையெல்லாம் எனக்காகத் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதித் தந்திருந்தாள். அதைப் பார்த்து நான் கேட்கவேண்டும்.

"டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்பேன். அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பிப்பாள். பாதியில் தடுமாறி நின்றால் எனக்குப் பொறுக்காது.

"தண்ணி குடிச்சுட்டுச் சொல்லு கண்ணு."

"அப்பா, கம்பெனிக்காரங்க கண்ணுன்னு கூப்பிடமாட்டாங்க. மொகத்தைக் கொஞ்சம் இறுக்கமா வெச்சுக்குங்க."

"நல்ல கம்பெனியா இருந்தா கூப்பிடும்."

அடுப்படியிலிருந்து என் மனைவி சொல்வாள்: "இந்தக் கம்பெனி மழை வந்தாலும் பயந்துக்கும், வராட்டியும் பயந்துக்கும். இதுல போயிச் சேர்ந்தா வெளங்கினாப்லதான்."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்குக் கவலைப்படுவது மூச்சுவிடுவது மாதிரி. ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைப் பக்கம் கொஞ்சம் காப்பியும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகும், நாலைந்து ஆரஞ்சு மரமும்தான் எங்கள் சொத்து. பூ பூத்த நேரத்தில் மழை வருமா என்று கவலை. வந்துவிட்டால், நிற்குமா என்று கவலை. மகள் தினமும் பஸ்ஸில் சேலம் இறங்கிப் படித்தாள். அவள் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் நேரம் முழுக்க நான் களைக்கொத்தைப் பிடித்தபடி சும்மா நின்றுகொண்டிருப்பேன். காலேஜ் போய்ச் சேர்ந்ததும் அவள் ஒரு மிஸ்டுகால் கொடுத்த பிறகுதான் கொத்து மண்ணில் விழும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. பத்தாவதில் பரீட்சை வருமே, அதில் பெயிலாகிவிட்டால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்கிற பயத்தில் நானேதான் நின்றேன். பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் பயம் வந்துவிட்டது. அப்படிப்பட்டவன் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவனாக ஆனதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அவள் பதில் சொல்லச் சொல்ல, அதே கேள்விக்கு நானும் மனசுக்குள் பதில் சொல்லிப் பார்ப்பேன். 'ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி. அவள் அக்கவுண்ட்ஸ் மேனேஜர், டீம் லீடர் என்று என்னவோ சொல்வாள். எனக்கு ஒரே பதில்தான் தோன்றும். இதே நாற்காலி, இதே முக்காலி, எதிரே இவள்.

இந்தப் பயிற்சியெல்லாம் திடீரென்று வந்தது. அந்த வருடம் காலேஜில் பாடத்திட்டத்தை மாற்றியிருந்தார்கள். பழைய பாடம் ஒன்றிரண்டை எடுத்துவிட்டு டேலி, எக்செல், இங்கிலீஷ் பேச்சு என்று புதிதாகச் சேர்த்தார்கள். வேலைக்குத் தயார்செய்வதற்கென்றே தனியாக ஒரு பேப்பர். கம்பெனிகளைக் கூப்பிட்டு, உங்களுக்கு எந்த மாதிரிப் பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டு, அதற்குத் தகுந்தபடி போட்டதாம். கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் எம்.ஏ. முடித்த பையன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறான். பி.எஸ்சி. முடித்த பெண் துணிக்கடையில் மடித்துவைக்கிறாள். படித்தது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று ஆகிவிடக்கூடாதே என்று நான் கும்பிடாத சாமி இல்லை. வேலை கொடுக்கிறவர்களையே கேட்டுப் பாடம் வைக்கிறார்கள் என்றால் அதைவிட என்ன வேண்டும்?

ஆடி முடிந்த சமயம் ஓசூரிலிருந்து ஒரு கம்பெனி காலேஜுக்கு வந்தது. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி. கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். என் மகள் எழுத்துப் பரீட்சையில் தேறி, இன்டர்வியூவிலும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டாள். கடைசியாக, ஓசூர் வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"நீ என்ன சாமி சொன்னே?"

"ஊட்ல கேட்டுச் சொல்றேனுங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு அவுங்க?"

"சிரிச்சாங்க. கேட்டுட்டுச் சொல்லும்மான்னாங்க. லிஸ்ட்ல என் பேரு இல்லீங்கப்பா."

எங்கள் பக்கத்தில் வேறு எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மிளகு வியாபாரி வந்து விலை சொன்னால், மனசுக்குப் பிடித்திருந்தாலும் 'ஊட்ல கேட்டுச் சொல்றேனுங்க' என்றுதான் நான் சொல்வேன். சுய உதவிக் குழுவில் கையெழுத்துப் போடச் சொன்னால் என் மனைவியும் அதையேதான் சொல்வாள். நான் அவளைக் காட்டுவேன், அவள் என்னைக் காட்டுவாள். அப்படித்தான் ஊரைச் சமாளித்துவந்தோம். அது மரியாதை. கேட்டவுடனே சரி என்று சொல்லிவிட்டால், கேட்க ஆள் இல்லாத வீடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

மறுநாள் வகுப்பில் பயிற்சி கொடுக்கிற சார் இதையே பேசினாராம். நம் பிள்ளைகள் வேலையெல்லாம் நன்றாகச் செய்கிறார்கள், ஆனால் சின்ன விஷயத்துக்குக்கூட வீட்டில் கேட்கவேண்டும் என்கிறார்கள் என்று கம்பெனிக்காரர்கள் குறைபட்டுக்கொண்டார்களாம். முடிவெடுக்கும் திறன் என்று புதுப் பாடத்தில் ஏற்கெனவே ஒரு பகுதி இருக்கிறதாம். அதை இனி நன்றாக நடத்தப் போகிறாராம்.

என் மகள் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போய்விட்டதே என்று ஒரு பக்கம் மனசு ஆறவில்லை. இன்னொரு பக்கம், ஓசூருக்குப் போகாமல் தப்பித்தாளே என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு அன்றைக்கு அவள் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

படுத்தால் ஒரே யோசனை. வேலை கொடுக்கிறவர்களைக் கேட்டுத்தானே பாடம் வைக்கிறார்கள்? எங்கள் மலையில் வேலை கொடுக்கிறவர்களை யார் கேட்டார்கள்? ஓசூர்க்காரர் கேட்டதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை ஓசூருக்குத்தான் போகும். ஏற்காட்டுக்காரர் கேட்பதைச் சொல்லிக்கொடுத்தால்?

அந்த வாரமே மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டேன். இதைப் பார்த்து என் மனைவி, "கம்பெனி இப்ப டூர் போகுது" என்றாள்.

முதலில் ஒரு பெரிய எஸ்டேட் ஆபீஸ். அங்கே கணக்கு எழுதுகிற ரைட்டர் எனக்குத் தெரிந்தவர். டிகிரி முடித்த பிள்ளை உங்களுக்கு வேலைக்கு வரவேண்டும் என்றால் என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "டிகிரி முடிச்ச புள்ள எதுக்குங்க இந்த அட்டைக்கடியில வந்து நிக்கோணும்? எனக்கு அப்பறம் எம் பையனைக் கேட்டிருக்காங்க. அவனே மாட்டேங்கறான்" என்றார். அடுத்து பேங்கு. அங்கே நாங்கள் யாரையும் எடுப்பதில்லை, பரீட்சை எழுதி மேலேயிருந்து வரவேண்டும், எந்த ஊரில் போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது என்றார்கள். என்னிடம் சொன்ன அந்தப் பெண்ணே திருநெல்வேலிப் பக்கமாம். சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் சன்னலைப் பார்த்தார்.

ஏரிப் பக்கத்தில் ஒரு நடுத்தர ஓட்டல். மேனேஜர் சேலத்துக்காரர். அவர்தான் என்னை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

"இந்தி கொஞ்சம் பேசோணுமுங்க. இங்கிலீசும் வேணும். கோவத்துல கத்தற கஸ்டமர் முன்னாடி மொகம் சுளிக்காம நிக்கோணும். கணக்கு அன்னன்னிக்கே முடிஞ்சிருக்கோணும்."

"இதையெல்லாம் படிப்புல சேர்த்துட்டா ஆள் எடுத்துக்குவீங்களாங்க?"

அவர் டீயை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க, நீங்க என்ன யுனிவர்சிட்டிங்களா?"

நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அவர் சொன்னதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். இந்தி, இங்கிலீஷ், முகம் சுளிக்காமை, அன்றன்றைய கணக்கு. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒன்றையும் நான் மனப்பாடம் செய்ததில்லை.

அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்துக்கு நானே போனேன். மகளுடைய வகுப்பறையிலேயே கூட்டம். அவள் உட்காருகிற பெஞ்சு எது என்று முந்தின நாளே கேட்டுவைத்திருந்தேன். அதில் போய் உட்கார்ந்தேன். முட்டி மேசையில் இடித்தது. கரும்பலகைக்குப் பதில் வெள்ளைப் பலகை. யாரோ கணக்கை அரைகுறையாக அழித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஃபேன் சுற்றியும் சேலத்துச் சூடு தாங்கவில்லை. அத்தனை வேர்வையிலும் எழுந்துபோகவே மனசு வரவில்லை. இந்தப் பெஞ்சில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தால் நான் எப்படி ஆகியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துறைத் தலைவர் அம்மா உள்ளே வந்ததும் எல்லாருக்கும் முன்னால் நான்தான் எழுந்து நின்றேன். உட்காருங்கள் என்று அவர் சொல்லும்வரை உட்காரவில்லை.

புதுப் பாடத்திட்டத்தைப் பற்றி அவர் பொறுமையாகச் சொன்னார். முன்பெல்லாம் பிள்ளைகள் டிகிரி வாங்கிக்கொண்டு வேறே எங்கேயோ பணம் கட்டி கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தார்கள், இப்போது அது தேவையில்லை என்றார். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றார். நான் விரலைத் தூக்கினேன்.

"எங்க மலையில ஓட்டல்காரங்களைக் கேட்டுட்டு வந்திருக்கேனுங்க" என்று ஆரம்பித்து, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "அதையும் சேர்த்துப் போட்டீங்கன்னா எங்க புள்ளைங்க அங்கயே இருந்துக்குமுங்க."

பின்னால் சிலர் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அம்மாபேட்டைத் தறிக்காரர். அவர் என் பக்கம் திரும்பி, "மலைக்காரரே, புள்ளையக் கோழி மாதிரி கூடையப் போட்டுக் கவுத்தி வெப்பீங்களாட்ட இருக்குது. எம் பையன் தறியில உக்காராம இருந்தாச் சேரி, டெல்லிக்கே போகட்டுமுங்க" என்றார். அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் டெல்லி என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "நீங்க கேக்கறது ஞாயந்தானுங்க. ஆனா ஏற்காட்டுக்கு ஒரு பாடத்திட்டம், ஓசூருக்கு ஒரு பாடத்திட்டம்னு போட முடியாதுங்க. ஒரு வகுப்பு மொத்தத்துக்கும் எங்க வேலை இருக்கோ, அங்க கேக்கறதைத்தான் வெக்கமுடியும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடைசி செமஸ்டர்ல ஒரு மாசம் வேலைப் பயிற்சி இருக்குது. அந்த ஓட்டல்காரர் ஒத்துக்கிட்டா உங்க பொண்ணு அங்க பண்ணட்டும். அது என்னால முடியும்" என்றார்.

மேனேஜர் ஒத்துக்கொண்டார். யுனிவர்சிட்டியே வந்து கேட்டால் எப்படி மறுப்பது என்றார்.

பொங்கல் கழிந்து அந்த ஒரு மாதம் ஆரம்பித்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு மாதம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. காலையில் பனி விலகாத நேரத்தில் அவளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போவேன். கொண்டை ஊசி கிடையாது, மிஸ்டுகால் கிடையாது. காப்பிப் பழம் பறிப்பு முடிந்து வேலை குறைந்திருந்தது. ஓட்டலுக்கு எதிரே டீக்கடை. அங்கே உட்கார்ந்தால் கண்ணாடிக் கதவு வழியாக ரிசப்ஷன் தெரியும். அவள் எழுந்து நின்று யாரிடமோ பேசுவதும், தலையை ஆட்டுவதும், கம்ப்யூட்டரைப் பார்ப்பதும் தெரியும். சத்தம் கேட்காது. டீக்கடைக்காரர், "ஏனுங்க, புள்ளைக்கு வேலையா உங்களுக்கு வேலையா" என்று கேட்பார். நான் இன்னொரு டீ சொல்வேன். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பும்போது, முதுகுக்குப் பின்னால் அன்றைய கதை முழுவதும் கேட்டுக்கொண்டே வரும். பாதை சீக்கிரம் முடிந்துவிடக்கூடாது என்று மெதுவாக ஓட்டுவேன். வண்டியில் என்னமோ கோளாறு, நாளைக்கு மெக்கானிக்கிடம் காட்டுங்கள் என்பாள்.

ஒருநாள் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசிக்கொண்டு வந்தாள். ஒரே ரூமை இரண்டு குடும்பத்துக்குப் பதிவு செய்துவிட்டார்களாம். மேனேஜர் சேலம் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. இரண்டாவதாக வந்தவர் கைக்குழந்தையோடு நின்று கத்தியிருக்கிறார். இவள் காலியாக இருந்த பெரிய ரூமை அதே வாடகைக்குக் கொடுத்துவிட்டாள்.

"யாரைக் கேட்டுக் குடுத்தே கண்ணு?"

"யாரையும் கேக்கலீங்கப்பா. கேக்கறதுக்கு யாரும் இல்லை. கொழந்தை அழுதுட்டு இருந்துது. எனக்குச் சேரின்னு பட்டுது, குடுத்துட்டேன்."

"மேனேஜர் வையலையா?"

"இல்லீங்க. இதுதாம்மா வேணும்னாரு."

எதிரே மாடு வந்தது போல வண்டியை ஓரம்கட்டினேன். மாடு ஒன்றும் இல்லை.

மாதம் முடிந்தபோது, பரீட்சை முடிந்ததும் இங்கேயே வேலைக்கு வந்துவிடட்டும் என்று மேனேஜரே என்னிடம் சொன்னார். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்து என் மனைவி பயந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும், "அவ என்ன சொல்றா?" என்று கேட்டாள். அவளைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

பங்குனியில் ஓசூர்க் கம்பெனி மறுபடியும் காலேஜுக்கு வந்தது. போய்ப் பார்க்கிறேன் என்றாள் மகள். சும்மா பயிற்சிக்காகப் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் வெள்ளக்கடையில் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. போன முறை கேட்ட அதே ஆள் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். இவள், வருகிறேன் சார் என்று சொல்லியிருக்கிறாள்.

"ஓட்டல்ல சொல்லோணுமே சாமி."

"மேனேஜர் சாருக்கு பஸ்ல வரும்போதே போன் பண்ணிச் சொல்லிட்டேனுங்கப்பா."

நான் மொபெட்டை ஸ்டார்ட் செய்யவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் கண்ணு, இங்க புடிக்கலையா?"

"நொம்பப் புடிச்சுதுங்கப்பா" என்றாள். "அங்க ஒரு மாசம் இருந்தேனுல்லீங்க, அதுக்கப்பறம் ஓசூர்னா பயமில்லாமப் போயிருச்சு. அதுக்கு முன்னாடி, வர்றேன்னு சொல்றதுக்கு வாயே வரலை."

நான் பத்தாவதுக்கே போகாமல் நின்றவன். போன முறை தோற்ற இடத்துக்கு, அதே ஆளுக்கு எதிரில், இவள் திரும்பப் போய் உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பிறந்த பிள்ளைக்கு இந்தத் தைரியம் எங்கேயிருந்து வந்தது என்று நினைத்தேன். எங்கேயிருந்து என்று எனக்குத் தெரியும். நான்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய் அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

"ஏறு கண்ணு" என்றேன். அன்றைக்கு வேகமாகத்தான் ஓட்டினேன்.

இப்போது ஓசூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். என்ன சாப்பிட்டாய் என்று அவள் அம்மா கேட்பாள், எந்த ரோட்டில் ஆபீஸ் போகிறாய், லாரி அதிகமா என்று நான் கேட்பேன். அங்கே எல்லா ரோடும் நேராக இருக்கும் என்பாள். சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு வந்தால், அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி மிளகை முறத்தில் வைத்துப் புடைத்துக்கொண்டிருப்பாள். எழுந்திரு என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

போன மாதம் காலேஜிலிருந்து அந்தத் துறைத் தலைவர் அம்மா பேசினார். இந்த வருடம் மலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள், வேலைப் பயிற்சிக்கு அங்கேயே ஓட்டல்களில் கேட்டுச் சொல்லமுடியுமா என்றார். நான் மறுபடியும் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தேன். இரண்டு ஓட்டலில் ஒத்துக்கொண்டார்கள்.

விஷயம் தெரிந்து எங்கள் மலையிலேயே வாழவந்தி ஊரிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் பெண்ணும் அதே காலேஜ், அதே படிப்பு. காப்பி கொடுத்தோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலேயே இருந்தார். கேட்கவேண்டியதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மிளகு விலையைக் கேட்டார், மழையைக் கேட்டார். கடைசியில் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, உங்க ஓட்டல்ல போட்டுட்டா புள்ள இங்கயே இருந்துக்குமுங்களா?"

என் மனைவி புடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு மாசம் இருக்குமுங்க" என்றேன். "தெனமும் நீங்களே வண்டியில கொண்டுபோயி உடுங்க. நல்லா இருக்கும்."